மண்ணைப் புரிந்துகொண்ட விளையாட்டு: ‘தி கிரேட் வார்: வெஸ்டர்ன் ஃபிரண்ட்’

வியூக விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஓட்டத்தை நம்பியவை. படையைத் திரட்டு, பக்கவாட்டில் சுற்றிப் போ, எதிரியின் தலைநகரைப் பிடி. இந்தச் சூத்திரத்துக்கு இடமே கொடுக்காத களம் முதல் உலகப் போரின் மேற்கு முனை. 1914 இறுதிக்குள் பெல்ஜியக் கடற்கரையின் நியூபோர்ட்டில் தொடங்கி சுவிட்சர்லாந்து எல்லை வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்குப் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டுவிட்டன. ஒரு முனையில் கடல், மறுமுனையில் நடுநிலை நாடு. சுற்றிப் போகப் பக்கவாட்டு என்று ஒன்று எங்கும் மிஞ்சவில்லை. அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தாக்குதல்களால் அந்தக் கோடு சில மைல்களே அசைந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கையோ லட்சங்களில் ஏறிக்கொண்டே போனது.

நகராத ஒரு போரை எப்படி ஆட்டமாக்குவது? பல விளையாட்டுகள் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்துவிடுகின்றன. இரண்டாம் உலகப் போரின் விதிகளை எடுத்துக்கொண்டு, டாங்கிகளைக் குறைத்து, வீரர்களுக்குப் பழைய தொப்பியை மாட்டி, ‘1916’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். பெட்ரோகிளிஃப் நிறுவனம் உருவாக்கி, ஃபிரான்டியர் ஃபவுண்ட்ரி 2023 மார்ச்சில் வெளியிட்ட ‘தி கிரேட் வார்: வெஸ்டர்ன் ஃபிரண்ட்’ அப்படித் தப்பிக்கப் பார்க்கவில்லை. கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது. அதற்காகவே இதைப் பற்றி விரிவாக எழுதவேண்டும் என்று தோன்றியது.

நான் கட்டுமானப் பொறியாளன். மண்ணைத் தோண்டுவதும், தோண்டிய குழியின் சுவர் சரியாமல் பார்த்துக்கொள்வதும், ஊறும் தண்ணீரை வெளியேற்றுவதும் என் அன்றாட வேலை. அதனால் பதுங்குகுழி என்றதும் என் கண் முதலில் மண்ணின் மேல்தான் போகும். அந்தக் கண்ணோடு பார்த்துச் சொல்கிறேன்: நிலத்தையும் இழப்பையும் இவ்வளவு அக்கறையோடு கையாண்ட வியூக விளையாட்டை நான் வேறு ஆடியதில்லை. ஆனால் பதுங்குகுழிப் போரின் இன்னொரு பாதியை, அதாவது நேரத்தை, இது கோட்டை விட்டுவிட்டது. ஒரு கட்டளை மேலிருந்து கீழே போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சொல்கிறேன்.

ஆட்டம் இரண்டு தளங்களில் நடக்கிறது. மேலே, போர்முனை முழுவதும் அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட வரைபடம். உங்கள் முறை ஒன்று முடிந்தால் ஆட்டத்தில் ஒரு மாதம் கழியும். எந்தக் கட்டத்தில் எத்தனை படைப்பிரிவுகளை நிறுத்துவது, எந்தத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்குச் செலவிடுவது, தளவாடங்களை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் இங்கே முடிவாகும். ஒரு கட்டத்தைத் தாக்கினால் கீழ்த்தளம் திறக்கும். அங்கே பதுங்குகுழி வெட்டி, பீரங்கிகளை நிறுத்தி, நிகழ்நேரத்தில் சண்டையை நடத்தவேண்டும். நேச நாடுகளின் பக்கமும் ஆடலாம், ஜெர்மனியின் பக்கமும் ஆடலாம்.

மேல்தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி, கட்டங்களுக்குக் கொடுத்திருக்கும் நட்சத்திரங்கள். ஒரு சண்டையில் வென்றுவிட்டால் அந்தக் கட்டம் உங்கள் கைக்கு வந்துவிடாது. பெரிய வெற்றி பெற்றால் அதன் நட்சத்திரங்களில் ஒன்று குறையும், அவ்வளவுதான். எல்லா நட்சத்திரங்களும் போன பிறகே எல்லைக்கோடு நகரும். சின்ன வெற்றி என்றால் அதுகூடக் கிடைக்காது. வேறு விளையாட்டுகளில் பழகி வந்தவர்களுக்கு இது எரிச்சலூட்டும். ‘ஜெயித்தேனே, ஏன் நகரவில்லை?’ என்று கேட்பார்கள். 1916-இல் லண்டனிலும் பெர்லினிலும் பத்திரிகை படித்தவர்கள் கேட்ட கேள்வியும் அதுதான். பிரான்ஸின் சொம் நதிப் பகுதியில் நடந்த தாக்குதல் ஜூலை 1-இல் தொடங்கி நவம்பர் 18 வரை நீண்டது. மிக அதிகமாக முன்னேறிய இடத்திலேயே சுமார் 10 கிலோமீட்டர். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் இறந்தும் காயமடைந்தும் காணாமலும் போனவர்கள் ஏறத்தாழ 4.2 லட்சம் பேர். இதை ‘பிடித்தால் நிறம் மாறும்’ என்ற விதியால் காட்டமுடியாது. நட்சத்திர விதியால் முடிகிறது.

அதோடு பின்னிப் பிணைந்தது தேசிய மனவுறுதி. இரு தரப்புக்கும் அது ஓர் அளவுகோல். தோல்விகளும் உயிரிழப்புகளும் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும். பூஜ்யத்துக்கு வந்தால், ஒரு கட்டத்தைக்கூட இழக்காவிட்டாலும் போர் முடிந்துவிடும். 1918 நவம்பரில் சண்டை நின்றபோது ஜெர்மன் படை இன்னும் பிரெஞ்சு, பெல்ஜிய மண்ணில்தான் நின்றுகொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் அருமை புரியும். எதிரியின் தலைமையகத்தைப் பிடித்தும் வெல்லலாம். ஆனால் நான் ஆடிய போர்களில் முடிவைத் தீர்மானித்தது பெரும்பாலும் மனவுறுதிதான். ஆடும்போது ஒரு நிலைக்கு மேல் ‘இந்த இடம் வேண்டுமா?’ என்ற கேள்வி மறைந்து, ‘இந்த இடத்துக்கு இத்தனை பேரைக் கொடுக்கலாமா?’ என்ற கேள்வி வந்து நிற்கிறது. அந்த இடத்துக்கு என்னைக் கொண்டுவந்த வேறு விளையாட்டு இல்லை.

சண்டையின் நடுவே போர்நிறுத்தம் கேட்கும் வசதி ஒன்று உண்டு. வரலாற்றின்படி பார்த்தால், ஒரு தளபதி நண்பகலில் எதிரியிடம் ‘இன்றைக்குப் போதும்’ என்று பேசி முடித்துக்கொண்ட கதை நடக்காது. ஆனாலும் தாக்குதலைக் கைவிடும் முடிவு என்ற பொருளில் இதை எடுத்துக்கொண்டால், அந்தப் போரின் மிகக் கடினமான முடிவு இது. சில நூறு கெஜம் பிடித்தாகிவிட்டது. அடுத்த வரிசை கண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் ஒரே ஒரு கம்பெனியை, அதாவது ஒரு சிறு படைக்குழுவை, அனுப்பினால் விழுந்துவிடும் போலத் தோன்றுகிறது. அந்தத் தோற்றம்தான் அந்த நான்கு ஆண்டுகளில் எண்ணற்ற பேரைக் கொன்றது. நிறுத்து என்ற பொத்தானைத் திரையிலேயே வைத்து, அதை அழுத்த மனம் வராமல் செய்திருப்பது வடிவமைப்பாளர்களின் திறமை.

இனி கீழ்த்தளம். சண்டைக்கு முந்தைய ஆயத்தக் கட்டத்தில் எல்லாமே தளவாடப் புள்ளிகளைத் தின்னும். குழி வெட்டப் புள்ளி, முள்கம்பி வேலிக்குப் புள்ளி, இயந்திரத் துப்பாக்கி மேடைக்குப் புள்ளி, பீரங்கிக்கு, பலூனுக்கு, வீரர்களுக்கு, சுடப்போகும் குண்டுகளுக்கு என எல்லாவற்றுக்கும் ஒரே கிடங்கிலிருந்து எடுக்கவேண்டும். குண்டுகளை வாரி இறைத்தால் உள்ளே புக ஆள் இருக்காது. ஆளைக் குவித்தால் அவர்களுக்கு வழிசெய்து கொடுக்கக் குண்டு இருக்காது.

1915-இன் பிரிட்டிஷ் தளபதிகளின் கணக்குப் புத்தகம் இதுதான். மார்ச் 10 அன்று பிரான்ஸின் நவ் ஷப்பல் கிராமத்தில் பீரங்கிகள் சுட்டது 35 நிமிடம் மட்டுமே. கையிருப்பு அவ்வளவுதான். குறுகிய முனையில் நிறையப் பீரங்கிகளைக் குவித்துச் சுட்டதால் முதல் வரிசை நொறுங்கியது. மே 9 அன்று பக்கத்திலேயே ஓபர்ஸ் மேட்டில் 40 நிமிடம் சுட்டார்கள். அதற்குள் ஜெர்மானியர் தங்கள் மண் அரண்களைத் தடிமனாக்கிவிட்டார்கள். ஒரே நாளில் சுமார் 11,000 பேரை இழந்து, எதையும் பிடிக்காமல் தாக்குதல் முடிந்தது. எத்தனை நிமிடம் சுட்டோம் என்பதைவிட, எத்தனை கெஜத்துக்கு எத்தனை குண்டு விழுந்தது, அதைத் தாங்கும் மண் எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம் என்று அவர்கள் கற்றுக்கொண்ட விலை அது. இந்த விளையாட்டில் முதல் சில மணி நேரத்திலேயே அதே பாடம் கைக்கு வருகிறது: அகலமாகத் தூவிய குண்டு வீண், ஒரு துண்டுக் குழியின் மேல் குவித்த குண்டு வேலை செய்கிறது.

குழி வெட்டும் முறையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். புள்ளி புள்ளியாக வைத்துக் கோட்டை இழுத்துக்கொண்டு போகலாம். நேராகவும் இழுக்கலாம், வளைத்தும் நெளித்தும் இழுக்கலாம். முன்வரிசை, அதன் பின்னே துணைவரிசை, இரண்டையும் இணைக்கும் தொடர்புக்குழி என்று நீங்களே வகுக்கவேண்டும். உண்மையான பதுங்குகுழிகள் சில கெஜத்துக்கு ஒருமுறை கட்டாயமாகத் திரும்பின. ஒரு குண்டு குழிக்குள்ளேயே விழுந்தாலும் அதன் சிதறல் அடுத்த திருப்பத்தோடு நின்றுவிடும் என்பது ஒரு காரணம். குழிக்குள் இறங்கிவிட்ட எதிரி ஒருவன் நீளவாக்கில் சுட்டு எல்லோரையும் வீழ்த்திவிடக் கூடாது என்பது இன்னொன்று. தொடர்புக்குழி இல்லாத முன்வரிசை ஒரு பொறி. உள்ளே இருப்பவர்களுக்கு உதவியும் வராது, வெளியேறவும் வழியில்லை. இதை விளையாட்டு வாய்விட்டுச் சொல்வதில்லை. தொடர்புக்குழியைப் புள்ளிச் சிக்கனத்துக்காக விட்டுவிட்டால், வலுவூட்டப் போகும் கம்பெனி திறந்த வெளியில் நடந்து போகும். போய்ச் சேருவது பாதிதான்.

இந்த விளையாட்டின் உச்சம் நிலத்தின் நினைவாற்றல். ஒரு கட்டத்தில் சண்டை முடிந்ததும் அந்தக் களம் அப்படியே சேமிக்கப்படுகிறது. சில மாதங்கள் கழித்து அதே கட்டத்துக்குத் திரும்பினால், நீங்கள் வெட்டிய குழி அங்கே இருக்கும். எதிரி வெட்டியதும் இருக்கும். இரண்டுக்கும் நடுவிலான சூனியப் பிரதேசம் குண்டுப் பள்ளங்களால் அம்மை வடு விழுந்த முகமாகக் கிடக்கும். முதல் சண்டையில் இடப்பக்கம் ஒரு சின்னக் காடு இருந்தது. அதை மறைப்பாக வைத்துத்தான் இரண்டு கம்பெனிகளை ஏற்றினேன். அடுத்த முறை வந்தபோது அங்கே மொட்டைக் கட்டைகள் மட்டும் நின்றன. மறைப்பு என்று நம்பித் திட்டமிட்ட பாதை வெட்டவெளியாகிவிட்டது. என்னுடைய பழைய முன்வரிசையின் ஒரு துண்டு இப்போது எதிரியின் துணைவரிசையாக இருந்தது. அந்த வளைவு நான் இழுத்த வளைவு என்று பார்த்ததுமே தெரிந்தது. அதன் மேல் பீரங்கியைத் திருப்பக் கட்டளை கொடுத்தபோது கை தயங்கியது.

1916-இல் பெரும் சண்டை நடந்த பிரான்ஸின் வெர்டன் களம் இன்றும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. அங்கே முழுக்க அழிந்த சில கிராமங்கள் திரும்பக் கட்டப்படவே இல்லை. நிலம் எதையும் மறப்பதில்லை என்ற உண்மையை ஆட்ட விதியாகவே ஆக்கியிருப்பது பெரிய விஷயம்.

ஆனால் மண் எல்லா இடத்திலும் ஒரே மண் இல்லையே. இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்து நிற்கிறது. சொம் பகுதி சுண்ணப் பாறை நிலம். அங்கே ஜெர்மானியர் 9 மீட்டர் ஆழம் வரை பதுங்கறைகளை வெட்டிக்கொண்டார்கள். 1916 ஜூலை 1-க்கு முந்தைய ஒரு வாரத்தில் 15 லட்சம் குண்டுகளைச் சுட்டும் அந்த அறைகளில் இருந்தவர்கள் பிழைத்து வந்து இயந்திரத் துப்பாக்கிகளை மேலேற்றினார்கள். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் வீழ்ந்தார்கள்; அவர்களில் 19,240 பேர் உயிரிழந்தவர்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸோ களிமண் நிலம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அதனால் பல இடங்களில் கீழே தோண்டுவதற்குப் பதிலாக, மண்மூட்டைகளை அடுக்கித் தரைக்கு மேலே சுவர் எழுப்பினார்கள். 1917-இல் பாஷண்டேல் தாக்குதலுக்கு முன் சுடப்பட்ட சுமார் 42.5 லட்சம் குண்டுகள் அந்தப் பகுதியின் வடிகால்களையே சிதைத்துவிட்டன. பிறகு ஆகஸ்ட் மழை. ஆட்களும் கோவேறு கழுதைகளும் சேற்றில் மூழ்கி இறந்தது அதனால்தான். நான் பார்த்தவரை, இந்த விளையாட்டில் எந்தக் கட்டத்தில் குழி வெட்டினாலும் அது ஒரே மாதிரியான குழி. வரைபடத்தில் ஃபிளாண்டர்ஸின் ஈப்ருக்கும் சொமுக்கும் உள்ள வேறுபாடு பெயரில்தான் இருக்கிறது. குண்டுகள் வடிகாலை உடைத்து நிலத்தைச் சேறாக்கும் என்ற ஒரே ஒரு விதி இருந்திருந்தால், அளவுக்கு மீறிச் சுடுபவர் தன் பாதையைத் தானே அடைத்துக்கொள்ளும் அந்தக் கொடுமையும் ஆட்டத்துக்குள் வந்திருக்கும்.

இன்னொரு குறை, பிடித்த குழியைப் பற்றியது. பதுங்குகுழிக்கு முகம் உண்டு. எதிரியை நோக்கிய சுவரில்தான் ஏறி நின்று சுடும் படி இருக்கும். அந்தப் பக்கம்தான் மேட்டின் தடிமனும் முள்கம்பியும். பிடித்தவன் கைக்கு வரும்போது அது எல்லாமே தப்பான பக்கத்தில் இருக்கும். மண்வெட்டியை எடுத்து விடிய விடியத் திருப்பிக் கட்டவேண்டும். எதிர்த்தாக்குதல் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். எதிரியின் பீரங்கிக்கோ அந்தக் குழியின் தூரம் கெஜக் கணக்கில் தெரியும், அவனே வெட்டியது ஆயிற்றே. விளையாட்டில் பிடித்த நொடியிலிருந்து அது உங்களுக்கு நல்ல குழி.

பீரங்கிக்கு வருவோம். நகரும் பீரங்கித் திரையை இவ்வளவு நன்றாக ஆடக் கொடுத்த விளையாட்டு வேறு இல்லை என்பேன். திரை எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று குறிக்கிறோம். குண்டுகள் வரிசையாக விழுந்துகொண்டே முன்னே நகர்கின்றன. அதன் பின்னால் வீரர்கள் போகவேண்டும். அவசரப்பட்டு அனுப்பினால் நம் குண்டிலேயே நம் ஆட்கள் சாகிறார்கள். தாமதித்தால் திரை கடந்து போன குழியில் எதிரிகள் தலைதூக்கி, துப்பாக்கியைப் பொருத்திவிடுகிறார்கள். 1917 ஏப்ரல் 9 அன்று விமி மேட்டில் கனடியப் படை வென்றது இந்தக் கணக்கால்தான்: 100 கெஜத்துக்கு மூன்று நிமிடம். அந்த நடை வேகத்தை அவர்கள் பல வாரங்கள் ஒத்திகை பார்த்தார்கள். புகை கலைவதற்குள் நம் முதல் வரிசை எதிரிக் குழியின் விளிம்பைத் தொட்டுவிடும் அந்தச் சில நொடிகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கணினித் திரையைப் பார்ப்பேன்.

மேலிருந்து எதிரியைக் கண்காணிக்கும் பலூன்களுக்கும் உரிய மரியாதை கிடைத்திருக்கிறது. பார்வை இல்லாமல் பீரங்கி குருடு. பலூன் விழுந்தால் பார்வை போயிற்று. அதனால் விமானங்களின் சண்டையே பலூனைச் சுற்றித்தான் நடக்கிறது, அன்று போலவே. (பலூனில் தொங்கியவர்களுக்குப் பாரசூட் கொடுத்த பிரிட்டிஷ் படை, தன் விமானிகளுக்குப் போர் முடியும்வரை கொடுக்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.) நச்சுவாயு இருக்கிறது, டாங்கி இருக்கிறது, இரண்டும் ஆராய்ச்சியின் வழியே வந்து சேர்கின்றன, பரவாயில்லாமல் வேலை செய்கின்றன.

இப்போது என் முக்கியமான மனக்குறை. நவ் ஷப்பலுக்கே திரும்புகிறேன். அன்று தாக்கிய படையில் ஏறத்தாழ பாதி இந்தியப் படைப்பிரிவு. மீரட் டிவிஷனின் கட்வால் பிரிகேடு முன்னணியில் இருந்தது. பதுங்குகுழியின் ஒவ்வொரு திருப்பத்திலும் முதல் ஆளாக நுழைந்து போராடி இறந்த கபர் சிங் நேகிக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது அந்தச் சண்டையில்தான். காலை எட்டு மணி சுமாருக்குத் தாக்குதல் தொடங்கியது. சிறிது நேரத்திலேயே கிராமம் கைக்கு வந்துவிட்டது. முன்னால் பெரிய தடையில்லை. அடுத்த அடி எடுத்து வைக்கக் கட்டளை வேண்டும். தொலைபேசிக் கம்பிகளைக் குண்டுகள் அறுத்துவிட்டன. செய்தியோடு ஓடிய ஆட்கள் வழியில் விழுந்தார்கள். போய்ச் சேர்ந்த செய்தி பட்டாலியனிலிருந்து பிரிகேடு, பிரிகேடிலிருந்து டிவிஷன், அங்கிருந்து கோர் தலைமையகம் என்று படியேறிப் போய், கட்டளையாக அதே படிகளில் இறங்கி வரவேண்டும். முன்னேற்றம் மீண்டும் தொடங்கும்போது மாலை ஆகிவிட்டது. ஜெர்மானியர் அதற்குள் ஓட்டையை அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். மார்ச் 13 வாக்கில் எல்லாம் முடிந்தது. இறந்தும் காயமடைந்தும் போன இந்திய வீரர்கள் மட்டும் 4,000-க்கும் மேல்.

பதுங்குகுழிப் போரின் அடிப்படைக் கணக்கு இந்தச் சண்டையில் இருக்கிறது. உள்ளே புகுவது சாத்தியம், பலமுறை புகுந்திருக்கிறார்கள். புகுந்த ஓட்டையைத் தாண்டி மறுபுறம் முன்னேறிப் போவதுதான் முடியவில்லை. காரணம், தாக்குபவனின் அடுத்த படை உழுதுபோட்ட நிலத்தில் நடந்து வரவேண்டும்; தடுப்பவனின் அடுத்த படை ரயிலில் வந்து இறங்கும். தாக்குபவன் முன்னேற முன்னேறத் தன் தொலைபேசிக் கம்பிகளையும் பீரங்கிகளையும் விட்டு விலகுகிறான். தடுப்பவன் பின்வாங்கப் பின்வாங்கத் தன்னுடையவற்றை நெருங்குகிறான். கம்பியை 6 அடி ஆழத்தில் புதைத்தால் பெரும்பாலான குண்டுகளைத் தாங்கும் என்று பின்னாளில் கண்டுபிடித்தார்கள். ஆனால் தன் முன்வரிசை வரைதான் புதைக்கமுடியும், எதிரியின் நிலத்தில் முடியாதே.

விளையாட்டில் நான் வானத்திலிருந்து பார்க்கிறேன். ஒரு சொடுக்கில் கம்பெனி திரும்புகிறது. எதிரிக் குழியில் ஓட்டை விழுந்ததை அந்த நொடியே பார்த்து, அந்த நொடியே பின்னாலிருந்து ஆளை அனுப்பி, பீரங்கியை அடுத்த வரிசைக்குத் திருப்பிவிடுகிறேன். 1915-இல் எந்தத் தளபதிக்கும் இந்தப் பார்வையும் இல்லை, இந்தக் குரலும் இல்லை. விளைவு என்னவென்றால், கை வேகமுள்ள ஆட்டக்காரருக்கு இரண்டாம் வரிசையைப் பிடிப்பது முதல் வரிசையைவிட எளிதாகிவிடுகிறது. உண்மை அதற்கு நேர் எதிர்.

நீண்ட நாள் ஆடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல மாதங்கள் ஆடிய பிறகு சண்டைகள் ஒரே அச்சில் வார்த்தவை ஆகிவிடுகின்றன. கணினி எதிரி தடுப்பதில் பரவாயில்லை. தாக்கும்போது ஆட்களைத் துண்டு துண்டாக அனுப்பி வீணாக்குகிறது. சிறு மோதல்களைத் தானாகவே தீர்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டு, முக்கியமான கட்டங்களில் மட்டும் இறங்கிச் சண்டையிடுவது நல்லது. 1917 தொடக்கத்தில் ஜெர்மானியர் தாங்களாகவே பின்வாங்கி ஹிண்டன்பர்க் அரண்வரிசையில் அமர்ந்ததைப் போல, முன்னே மெல்லிய வரிசை, பின்னே எதிர்த்தாக்குதலுக்கென்று திரட்டிய படை என்று நீக்குப்போக்கான தற்காப்பை இந்த எதிரியிடம் நான் கண்டதில்லை.

நேரக் குறையைச் சரிசெய்ய நானே சில விதிகளை வகுத்துக்கொண்டு ஆடுகிறேன். வீரர்கள் குழியைவிட்டு ஏறிய பிறகு, குறித்த இலக்கை அடையும்வரையோ விழும்வரையோ அவர்களுக்குப் புதுக் கட்டளை கிடையாது. பீரங்கித் திரையை அவர்கள் புறப்படும் முன்பே முழுவதுமாகத் திட்டமிட்டுவிடவேண்டும். பிறகு கை வைக்கக் கூடாது. ஒரு குழியைப் பிடித்ததும் அடுத்த படையை அனுப்பும் முன் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் காத்திருப்பேன். அந்த இரண்டு நிமிடம் செய்திக்காரன் ஓடும் நேரம். பலூன் விழுந்துவிட்டால், முன்பே குறித்துவைத்த இலக்குகளைத் தவிர வேறெதையும் பீரங்கியால் சுடுவதில்லை.

இப்படி ஆடத் தொடங்கியதும் ஆட்டமே வேறாகிவிட்டது. முதல் வரிசை பெரும்பாலும் விழுகிறது. பிடித்த குழியில் இருக்கும் கம்பெனி உதவிக்குக் காத்துக்கொண்டே இருக்க, எதிரி இருபுறமிருந்தும் நெருங்குவது திரையில் தெரிகிறது. விதிப்படி எதுவும் செய்யமுடியாது. இரண்டாம் வரிசையைத் தொடும் ஆசையை விட்டுவிட்டு, பிடிக்கமுடிந்ததைப் பிடித்து, அதற்குத் தொடர்புக்குழி வெட்டி, பீரங்கி வீச்சுக்குள் நிறுத்திக்கொள்ளும் சிறு தாக்குதல்களுக்கு நான் மாறினேன். 1917-இல் படைகள் வந்து சேர்ந்த முறையும் ஏறக்குறைய அதுவே. தலைமேல் தொங்கும் இந்தக் கட்டுப்பாட்டை ஒரு தேர்வாகவாவது நிறுவனமே விளையாட்டுக்குள் கொடுத்திருக்கலாம்; தாமதக் கட்டளை என்று ஒரு பொத்தான் போதும்.

விரைவான வெற்றியும் பெரிய படையோட்டமும் வேண்டுபவர்களுக்கு இது ஏற்ற விளையாட்டு இல்லை. அவர்கள் நட்சத்திர விதியோடு சண்டை போட்டே ஓய்ந்துவிடுவார்கள். அந்தப் போர் ஏன் அப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் தயங்காமல் வாங்கலாம். போரை 1914-இலிருந்தும் தொடங்கலாம், 1916-இலிருந்தும் தொடங்கலாம். 1914-ஐத் தேர்ந்தெடுங்கள். நச்சுவாயுவும் டாங்கியும் இல்லாமல், மண்வெட்டியும் பீரங்கியும் மட்டும் வைத்துக்கொண்டு குழி வெட்டவும் தளவாடத்தைக் கணக்குப் பார்க்கவும் முதலில் கை பழகட்டும். மேலே சொன்ன விதிகளை அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடக் காத்திருப்பைக் கடைசியாகச் சேருங்கள், அதுதான் மிகவும் கடினம்.